நீல வண்டியின் டேங்க்

அத்தியாயம் 17

அன்று காலை முற்றத்தில் இருந்தவர்கள்: ஹசிந்தோ, அவன் மகள் நெரெய்தா, அவன் மச்சினன் எவரார்தோ, எவரார்தோவின் ட்ரெய்லரில் கயிறு போட்டுக் கட்டியிருந்த இரண்டு பழைய மோட்டார் சைக்கிள்கள், ட்ரெய்லர் நிழலில் வந்து படுத்துக்கொண்ட நாய். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் ஹசிந்தோவின் மனைவி எலோடியா. அவளை முற்றத்துக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு வருஷமாக ஹசிந்தோ நிற்கும் இடத்தில் அவள் நிற்பதில்லை.

மகன் தாமியான் இல்லை. அவன் இல்லாததால்தான் மற்ற எல்லாரும் அங்கே கூடியிருந்தார்கள்.

நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடலாம். போன செப்டம்பரில் அப்பனும் மகனும் பந்தயத்துக்கு வழி பார்க்க வண்டியில் போனார்கள். பாலைவனத்தில் இரண்டு பேர் ஒட்டிப் போக முடியாது. முன்னால் போகிறவன் கிளப்பும் தூசியைப் பின்னால் வருகிறவன் தின்ன வேண்டியிருக்கும். இடைவெளி விட்டுத்தான் போவார்கள். அதற்கென்று ஒரு முறை உண்டு. வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவன் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவனின் ஹெல்மெட் கண்ணில் பட்ட பிறகே கிளம்ப வேண்டும். ஆனால் அந்த வெயிலில் ஹெல்மெட் தெரிகிறவரை எவன் நிற்கிறான்? தூரத்தில் தூசி தெரிந்தாலே கிளம்பிவிடுவார்கள். ட்ரினிடாட் பள்ளத்தாக்கில் எல்லாரும் அப்படித்தான்.

ஹசிந்தோவும் தூசியைப் பார்த்தான், கிளம்பினான். அது மாட்டு லாரியின் தூசி. தாமியான் வெகு பின்னால், ஒரு பாறை இடுக்கில், வண்டிக்கு அடியில் கால் சிக்கிக் கிடந்தான். மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். அந்த வெயிலுக்கு ஒரு பகல் போதும்.

"தூசி தெரிஞ்சுது" என்று, உடலைக் கொண்டுவந்த அன்று, வாசலில் நின்று ஹசிந்தோ சொன்னான். அதற்குப் பிறகு எலோடியா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் கட்டில் வெல்டிங் பட்டறைக்குப் போனது. தன் வண்டியை, வந்து கேட்ட முதல் ஆளுக்கு விற்றான். தாமியானின் வண்டியை வெட்டி, அதன் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் குழாயை நெடுக்குக்கும் ஹேண்டில்பாரைக் குறுக்குக்கும் வைத்து ஒரு சிலுவை செய்தான். அது பட்டறை மூலையில் சாய்ந்து நின்றது.

நாளை தாமியானுக்கு வருஷப் பூசை. விடிந்ததும் போய் அந்த இடுக்கில் சிலுவையை நட்டுவிட்டு, சாயங்காலப் பூசைக்குத் திரும்பிவிடுவதாக ஹசிந்தோ சொல்லியிருந்தான். அந்த இடுக்குக்குள் பிக்கப் வண்டி நுழையாது. குதிரைக்கு வழியில் தண்ணீர் கிடையாது. அதனால் ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டும்.

எவரார்தோ கயிற்றை அவிழ்த்துச் சிவப்பு வண்டியை முதலில் இறக்கினான்.

"நானூறு சிசி. பட்டன் ஸ்டார்ட்டு, லைட்டு, பெரிய டேங்க்கு. இத வெச்சிருந்தவரு ஒரு பல் டாக்டர் மச்சான். ஞாயித்துக்கெழமை மட்டும்தான் எடுப்பாராம்."

"நீலம்?" என்றாள் நெரெய்தா.

"அதுவும் ஒரு பல் டாக்டரோடதுதான்."

"மாமா, எல்லைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து நீங்க கொண்டாந்த எல்லா வண்டியுமே பல் டாக்டரோடதுதான். அந்த ஊர்ல வேற யாரும் பொழப்பு நடத்தறதில்லயா?"

"பல்லு வலிக்கிறவன் வண்டி வாங்கமாட்டான்டி. காசு பூரா டாக்டர்கிட்டதான் போகுது. சும்மா இரு."

ஜன்னலுக்குப் பின்னால் எலோடியாவின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. கல்லில் கிடந்த கோதுமை ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

நீல வண்டி இருநூற்றைம்பது சிசி. வட்டப் பாதையில் பந்தயம் ஓட்டுவதற்குச் செய்தது. உயரம், ஒல்லி, லைட் கிடையாது, கிக்கரை உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். சிவப்பின் டேங்க் சினை ஆட்டின் வயிறு மாதிரி இரண்டு பக்கமும் தொங்கியது. நீலத்தின் டேங்க் இருந்த இடம் தெரியவில்லை. விலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஹசிந்தோ சிவப்பின் இன்ஜினுக்கு அடியில் உள்ளங்கையை வைத்தான். பிறகு நீலத்துக்கு அடியில் வைத்தான். கையை எடுக்கவில்லை.

"எவரார்தோ."

"சொல்லுங்க மச்சான்."

"இத வழியில எறக்கி ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்கே."

"வெயில்ல வந்துச்சுல்ல. சூடாத்தான் இருக்கும்."

"வெயில் மேல அடிக்கும். இது அடியில சுடுது. சிவப்பு அடியில சில்லுன்னு இருக்கு."

எவரார்தோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "ஆறிப் போயிட்டா கொஞ்சம் அடம் பிடிக்கும். நாலு ஒதை கூட ஒதைக்கணும். அவ்வளவுதான்."

ஹசிந்தோ திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நீலத்தின் சீட்டைக் கழற்றி ஏர் ஃபில்டரை வெளியே எடுத்தான். ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்து, விரலை மகளிடம் காட்டினான். மாவு போன்ற தூசி ஒட்டியிருந்தது.

"மணல் உள்ள போயிருக்கு" என்றாள் நெரெய்தா.

"ம்."

ஸ்பானரால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான். சிவப்பில் எல்லாக் கம்பியும் மணி மாதிரி பேசியது. நீலத்தில் சில கம்பிகள் பொத்துப் பொத்தென்றன. செயினைத் தூக்கிப் பார்த்தான். நீலத்தின் பல்சக்கரத்தில் பற்கள் தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தன. சிவப்பில் முன்பக்கம் ஒரு எண்ணெய்க் கசிவு, ரேடியேட்டரில் ஒரு நசுங்கல். வேறு குறை தெரியவில்லை.

எலோடியா அடுப்பை அணைத்துவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அந்தக் கைகள் ஊர்க்காரர்களின் கேட்டையும் மாட்டுத் தொட்டியையும் ஒட்டின. ஒரு சிலுவை செய்தன. இன்ஜினைத் தொடவே இல்லை. இப்போது தொடுகின்றன, பழைய மாதிரி, அவசரப்படாமல். அவளுக்குள் ஏதோ ஒன்று ஒரு சுற்று தளர்ந்தது. மனுஷன் திரும்பி வருகிறானோ என்னவோ என்று நினைத்தாள்.

"நான் ஒரு சுத்து ஓட்டிப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் நெரெய்தா சிவப்பில் ஏறிப் போனாள். தூரத்து மெஸ்கீத் மரம் வரைக்கும் போய்த் திரும்பினாள். அவள் பின்னால் தூசி கயிறு மாதிரி எழுந்து நின்றது.

ஹசிந்தோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். வண்டிச் சத்தம் முற்றத்துக்குள் வந்து நிற்கிறவரை பட்டறைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிவப்புப்பா" என்றாள் நெரெய்தா இறங்கி. "யோசிக்கறதுக்கே ஒண்ணுமில்ல."

"நீலம்" என்றான் ஹசிந்தோ.

எவரார்தோ காதில் சரியாக விழாதவன் மாதிரி பார்த்தான். "எது?"

"நீலம். லேசா இருக்கு. சிலுவைய வெச்சுக்கிட்டு மணல்ல தள்ளணும்னா லேசான வண்டிதான் வேணும்."

"மச்சான், நான் விக்கறவன். இத என் வாயால சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். சிவப்ப எடுங்க. நீலத்த எவனாவது வெவரம் தெரியாதவன் தலையில கட்டிடறேன்."

"நீலம்னு சொல்லிட்டேன்."

"அப்பா, அதுல லைட்டுகூட இல்ல."

"பகல்லதானே போறேன்."

"அப்ப நானும் வர்றேன். நீங்க நீலத்துல வாங்க, நான் சிவப்புல வர்றேன். அந்த வழி பிரியற எடத்த நான் ஒரு தடவ பாக்கணும்."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"ஒருத்தர் போனாப் போதும்."

நெரெய்தா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீயாவது சொல்லேன்."

ஜன்னலுக்குப் பின்னால் எலோடியா காபிக் கோப்பையைத் துடைத்தாள். நெரெய்தா கையிலிருந்த ஹெல்மெட்டைத் தரையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். நாய் எழுந்து அவள் பின்னால் போயிற்று.

எவரார்தோ ஜன்னலுக்கு வந்தான். அக்காள் கொடுத்த காபியை நின்றபடியே குடித்தான்.

"ரெண்டு வண்டியையும் விட்டுட்டுப் போறேன்க்கா. நாளைக்குப் பூசைக்கு வருவேன்ல, அப்ப ஒண்ண ஏத்திக்கிட்டுப் போறேன். மனசு மாறினாலும் மாறும். இந்தா, சிவப்போட சாவி. நீலத்துக்குச் சாவியே கெடையாது."

எலோடியா சாவியை வாங்கி, கதவோரம் இருந்த பலகையில் மற்ற சாவிகளோடு ஒரு ஆணியில் மாட்டினாள்.

"இன்னும் எவ்வளவு காலம்க்கா?"

"என்னது?"

"இந்தப் பேசாம இருக்கறது."

"உன் தொழிலப் பாருடா."

"என் தொழிலதான் சொல்றேன். இவ்வளவு வருஷமா வண்டி விக்கறேன். வெவரம் தெரியாம கெட்ட வண்டிய எடுக்கறவங்களப் பாத்திருக்கேன். ஏமாந்து எடுக்கறவங்களப் பாத்திருக்கேன். மச்சான் ரெண்டும் இல்ல. அக்குவேறு ஆணிவேறாப் பாத்துட்டு, கெட்டதுன்னு தெரிஞ்சே எடுக்கறாரு." கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான். "எனக்குப் பிடிக்கல."

"உனக்குப் புடிச்சிருந்தா என்ன, புடிக்காட்டி என்ன? போகும்போது பேக்கரியில நாளைக்கு ரொட்டி சொல்லிட்டுப் போ."

அவன் போன பிறகும் அவன் சொன்னது போகவில்லை. அவள் அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள்.

மத்தியானச் சாப்பாடு வழக்கம்போல நடந்தது. வழக்கம் என்றால் இதுதான்: எலோடியா தட்டில் போடுவாள், நெரெய்தா பட்டறைக்குக் கொண்டுபோவாள். கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும் தட்டோடு போய்த் தட்டோடு வரும். அன்றைக்கு உலர்ந்த மாட்டிறைச்சியை முட்டையோடு வதக்கி ரொட்டியில் சுருட்டியிருந்தாள்.

"பூசைக்கு வெள்ளச் சட்டைய தேய்க்கவா, சாம்பல் சட்டையவான்னு உங்கப்பாகிட்ட கேளு."

நெரெய்தா போய் வந்தாள். "எதுன்னாலும் சரியாம்."

"ஆடு ஒண்ணு போதுமா, ரெண்டு அடிக்கணுமான்னு கேளு. அவங்க சொந்தக்காரங்கதான் நெறைய வர்றாங்க."

மறுபடி போய் வந்தாள். "நீங்களே பாத்துக்கங்கன்னுட்டாரு."

"சாப்பிட்டாரா?"

"பாதி." நெரெய்தா மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. "பட்டறைய பெருக்கியிருக்காரும்மா. சாமான் ஒவ்வொண்ணும் அதது ஆணியில தொங்குது. வெல்டிங் கண்ணாடிய நீயே வெச்சுக்கன்னு எங்கிட்ட குடுத்தாரு. நான் ஏன்னு கேட்டேன். பழசு, புதுசு வாங்கணும்னாரு."

எலோடியா ரொட்டி மாவைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரி வேல பாக்கறேன்" என்றாள் நெரெய்தா. "தபால்காரிக்காவது ஞாயித்துக்கெழமை லீவு உண்டு."

"வாயக் கொற."

"கொறச்சுட்டுத்தான் இருக்கேன், ஒரு வருஷமா. எனக்கும்தான் அண்ணன் செத்தான். என்னைய யாரு கேட்டீங்க?"

எலோடியா மறுபடி மாவைத் தட்டத் தொடங்கினாள். நெரெய்தா எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "கோயிலுக்குப் பூக்கட்டப் போறேன். வர்றதுக்கு நேரமாகும்" என்று தன் அறைக்குப் போனாள்.

பிற்பகலில் அந்த வீட்டில் எல்லாரும் படுப்பார்கள். வெயில் வெளியே யாரையும் நிற்க விடாது. எலோடியா படுக்கவில்லை. முந்தானையால் தலையைப் போர்த்திக்கொள்கிற ஊர் இல்லை அது. அவள் தாமியானின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்து நீல வண்டியின் முன்னால் நின்றாள்.

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் அந்தக் குடும்பத்தில் மூன்று பேர். எலோடியா ஓட்டமாட்டாள். அவள் வேலை பெட்ரோல். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவள் பங்கு. பந்தயமோ, வழி பார்ப்பதோ, ஹசிந்தோ நீண்ட தூரம் கிளம்புவதற்கு முந்தின நாள் அவளிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "நீ எங்க நிக்கற?" அவள் இடத்தைச் சொல்வாள். பிக்கப்பில் கேன்களை ஏற்றிக்கொண்டு போய் அந்த இடத்தில், ஒகோட்டியோ முட்செடியின் கம்பி போன்ற நிழலில், காத்திருப்பாள். தூசி தெரியும். வண்டி வந்து நிற்கும். கேனைக் கவிழ்ப்பாள். டேங்க்கை இரண்டு தட்டுத் தட்டுவாள். நிரம்பிவிட்டது, போ என்று அர்த்தம். அவர்கள் வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. அவர்களுக்குள் இருந்த நெருக்கத்தில் பெரும்பங்கு அந்தக் கேள்வியிலும் அந்த இரண்டு தட்டிலும்தான் இருந்தது.

அந்த செப்டம்பர் நாளிலும் அவள் நின்றிருந்தாள். தூசி வருவதைப் பார்த்து இரண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தாள். வந்தது ஒரு வண்டி. அவள் திறந்த இரண்டாவது பாட்டிலைப் பற்றி இதுவரை யாருக்கும் தெரியாது. அவனை மன்னிக்க முடியாமல் போனதற்கு அந்தப் பாட்டில்தான் காரணம். அவளும் தூசியை நம்பியவள்தான்; அவன் இடத்தில் நின்றிருந்தாலும் கிளம்பித்தான் இருப்பாள். மன்னிப்பதற்கு அங்கே குற்றமென்று ஒன்று இருந்தால் அல்லவா மன்னிக்கலாம்.

அவள் நீல வண்டியின் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மூடினாள். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

எவ்வளவு பிடிக்கும் என்று சத்தத்திலேயே தெரிந்தது. இந்த ஜாதி வண்டிகளுக்கு அவள் எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறாள். தாகம் பிடித்த வண்டி. அதுவும் மணலில் முதுகில் இரும்புச் சிலுவையோடு. வீட்டிலிருந்து வறண்ட ஏரி வரைக்கும் போகும். ஏரியைக் கடக்கும். அதற்கப்புறம் ஆற்று மணலில் மேலேறி இடுக்கு வரைக்கும் போகும். அங்கே போய் நிற்கும்போது டேங்க்கின் அடியில் விரல் நனைய ஏதாவது இருந்தால் உண்டு. வழியில் ஒரு வீடு கிடையாது. திரும்பி வருவதற்கு நடு வழியில் யாராவது கேனோடு நிற்க வேண்டும்.

யாரும் நிற்கப் போவதில்லை. அவன் யாரிடமும் கேட்கவில்லை.

கேனைக் கட்டிக்கொண்டு போவானாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். அவளுடைய கேன்கள் போன வருஷம் அவள் வைத்த இடத்திலேயே வரிசையாக இருந்தன. மூடிகளில் சிலந்தி வலை. ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. முதுகில் மாட்டிக்கொள்ளும் தண்ணீர்ப் பை ஆணியில் தொங்கியது. எடுத்துப் பிதுக்கிப் பார்த்தாள். ரப்பர் காய்ந்து மடிப்பில் வெடித்திருந்தது. நாளை அந்தப் பாலைவனத்துக்குப் போகிறவன் அதைக் கழுவக்கூட இல்லை.

கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சட்டை எதுன்னாலும் சரி. ஆட்டை நீங்களே பாத்துக்கங்க. வெல்டிங் கண்ணாடிய நீயே வெச்சுக்க. எவரார்தோ பாதி சொன்னான். மீதி பாதியை அவன் வாயால் சொல்ல பயந்துதான் ரொட்டி சொல்லப் போய்விட்டான்.

வண்டியைப் பற்றி அவ்வளவு தெரிந்தவன், தேடித் தேடிப் பார்த்து, தன்னைத் திருப்பிக் கொண்டுவராத வண்டியை எடுத்திருக்கிறான்.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. எழுந்தபோது கொட்டகையின் நிழல் முற்றத்தில் பாதி தூரம் போயிருந்தது.

பட்டறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஒரு வருஷமாக அவள் மிதிக்காத வாசல். ஹசிந்தோ முழங்காலிட்டு சிலுவையின் குறுக்குக் குழாயில் சாக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். முதுகில் அழுத்தாமல் இருக்க. அந்த அக்கறையைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

"நான் எங்க நிக்கணும்னு நீ கேக்கலயே" என்றாள்.

அவன் கை நின்றது. திரும்பவில்லை. ஒரு வருஷம் கேட்காத குரல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம்.

"உன்னத்தான் ஹசிந்தோ. நாளைக்கு நான் எங்க நிக்கணும்?"

"நீதான் பேசறதில்லயே."

"பேசலன்னா கேக்கக் கூடாதா?"

"கேட்டா நிப்பியா?"

நின்றிருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நேற்று கேட்டிருந்தால் நெரெய்தாவிடம் ஏதாவது சொல்லியனுப்பியிருப்பாள். தட்டோடு போயிருக்கும்.

"அந்த நீலத்தோட டேங்க்கத் தட்டிப் பாத்தேன்" என்றாள். "போகத்தான் பத்தும். திரும்ப வராது."

"தெரியும்."

அவ்வளவுதான் சொன்னான். குரலில் அழுகை இல்லை. கடையில் விலை கேட்டவனுக்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னான். எலோடியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூசைக்கு வந்துடுவேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"பொண்ணுகிட்டயும் அதத்தான் சொன்னே."

"அவ கெட்டிக்காரி. பொழச்சுக்குவா." சாக்குத் துணியின் முடிச்சை இறுக்கினான். "எலோடியா, தெனம் தூசி தெரியுது. இங்க உக்காந்து வெல்டிங் வெக்கறப்போ, ரோட்டுல எந்த வண்டி போனாலும் தெரியுது. மோட்டார் சைக்கிள் தூசி ஒல்லியா நிக்கும். லாரித் தூசி அகலமா எழும்பும். சின்ன வயசுலேர்ந்து எனக்கு அது தெரியும். அன்னிக்கி ஏன் தெரியல? அதத்தான் அங்க போயி, அவன் கெடந்த எடத்துல உக்காந்து, யோசிக்கணும்."

"யோசிச்சு?"

"யோசிச்சுட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

எலோடியா பட்டறைக்குள் வந்தாள். அவன் பக்கத்தில் நின்றாள். அவன் பிடரியில் முடி நரைத்துக் காதுக்குக் கீழே வளர்ந்து கிடந்தது. அவள்தான் எப்போதும் வெட்டிவிடுவாள். ஒரு வருஷமாக அவனே கண்ணாடி இல்லாமல் வெட்டிக்கொண்டிருக்கிறான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எனக்கும் தெரியல" என்றாள்.

"என்ன?"

"அன்னிக்கி உன் தூசியப் பாத்துட்டு ரெண்டு பாட்டிலத் தொறந்து வெச்சேன். ரெண்டு பேரு வர்றீங்கன்னு நெனச்சேன். ஒத்த வண்டித் தூசி. எத்தன வருஷமா பாக்கறேன்? எனக்கும் தெரியல."

ஹசிந்தோ முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தான். அவன் முகம் மாறவில்லை. சிலுவையின் குறுக்குக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எழுந்திரு" என்றாள்.

"எங்க?"

"வீட்டுக்குள்ள."

"கட்டில் இங்க இருக்கு."

"இருக்கட்டும். உள்ள வா."

"காலையில நான் போகணும் எலோடியா. சிலுவைய நடணும். ஊருக்கே சொல்லியாச்சு."

"காலையில பேசிக்கலாம். இப்ப உள்ள வா."

அவன் எழுந்தான். முழங்கால் பிடித்துக்கொண்டதால் இரண்டு தடவை முயன்றுதான் எழுந்தான். அவள் கைகொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் உடைந்துவிடுவான், அவன் உடைந்தால் தானும் உடைவோம், இரண்டு பேரையும் தூக்க அங்கே ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். முன்னால் நடந்தாள். நாலடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவன் முகம் தெரிந்த பிறகே அடுத்த அடி வைத்தாள்.

முற்றத்தில் நீல வண்டி மட்டும் நின்றிருந்தது. வெயில் இறங்கிவிட்டதால் நீலம் கறுப்பாகத் தெரிந்தது. அவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சமையலறையில் அவன் நின்றுவிட்டான். விருந்தாளி மாதிரி, எங்கே நிற்பது என்று தெரியாமல். மேஜையில் நாளைக்கான மாவு ஈரத் துணிக்கு அடியில் உப்பிக்கொண்டிருந்தது. சுவரில் தாமியானின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அவன் அதைப் பார்க்காமல் இருக்கத் தரையைப் பார்த்தான்.

"நெரெய்தா எங்க?"

"கோயிலுக்குப் பூக்கட்டப் போயிருக்கா."

எலோடியா கதவோரப் பலகையிலிருந்து படுக்கையறைச் சாவியை எடுத்தாள். அதற்குப் பக்கத்து ஆணி காலியாக இருந்தது. காலையில் சிவப்பு வண்டியின் சாவியை மாட்டிய ஆணி. காற்று கிளம்பினால் மணல் அடிக்குமென்று நெரெய்தா வண்டியைக் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருப்பாள் என்று நினைத்தாள். தான் பிற்பகல் முழுதும் உட்கார்ந்திருந்த கொட்டகை அது, அங்கே சிவப்பு வண்டி இல்லை, வழி பிரிகிற இடத்தைப் பார்க்க வேண்டுமென்று காலையில் நெரெய்தா சொன்னாள் என்பதெல்லாம் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு அவள் மனதில் ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது.

படுக்கையறை வாசலில் ஹசிந்தோ மறுபடி தயங்கினான். கட்டிலின் அவன் பக்கத்தில் ஒரு வருஷமாகத் துவைத்த துணிகளை மடித்துக் குவித்து வைத்திருந்தாள். அவள் போய் அவற்றை அள்ளி நாற்காலியில் போட்டாள்.

"நீ காலையில என்னத் தடுத்துற முடியாது" என்றான்.

"சரி."

"தடுக்கமாட்டேன்னு சொல்லு."

"உள்ள வா ஹசிந்தோ."

அவன் உள்ளே வந்தான். எலோடியா அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பி, எடுத்துத் தன் உடுப்பின் பைக்குள் போட்டுக்கொண்டாள்.